மனக் காயமும் ஆறும்

யூலை முதலாம் திகதி, கனடா தினம். அஜக்சில் இருட்டியதும் வாணவெடிச் சத்தம் கேட்கும். பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுவார்கள். அதே வீட்டில் அப்பாவோ அப்பம்மாவோ நடுங்கியபடி சுவரோரம் ஒதுங்கக் கூடும். "இங்கே என்ன ஷெல்லா விழுகிறது?" என்று கேட்டுவிடாதீர்கள். போர் 2009இல் முடிந்துவிட்டது. அந்தச் செய்தி உடலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பேராபத்தைக் கண்ட மூளை, அதுபோன்ற சத்தம் கேட்டதும் ஆபத்து மீண்டும் வந்ததாக எண்ணி உடலை உசார்ப்படுத்துகிறது. நித்திரையின்மை, கெட்ட கனவு, திடீர்க் கோபம், எவருடனும் சேராமை என்பன இதன் அறிகுறிகள். எம்மவர் பலர் இதைத் தலையிடி, நெஞ்சு நோ என்றே வைத்தியரிடம் சொல்வதுண்டு.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற நூலை எழுதினார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், செபம் போன்ற எமக்குப் பழக்கமானவற்றையும் அவர் சிகிச்சையில் பயன்படுத்தினார்.

கனடா மனநல ஆணைக்குழு 2015இல் மீட்சி பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. அறிகுறிகள் சில எஞ்சியிருந்தாலும், ஒருவர் நம்பிக்கையோடு தனக்கு அர்த்தமுள்ள வாழ்வை வாழ்வதே மீட்சி என்பது அதன் கருத்து. இங்கே வைத்தியர் கட்டளையிடுபவர் அல்லர், கூட நடப்பவர். நடந்தது முழுவதையும் முதல்நாளே சொல்லத் தேவையில்லை. பாதுகாப்பு உணர்வு முதலில் வரவேண்டும். பேச்சு பிறகு வரும்.

குடும்ப வைத்தியரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். ஓகிப் அட்டை உள்ளவர்கள், அவர் அனுப்பும் உளமருத்துவருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; அது அவர்கள் தாங்கும் பாரமல்ல. நீங்கள் சொன்னதை வைத்தியர் அயலவரிடமோ உறவினரிடமோ சொல்லச் சட்டம் இடம்தராது. சித்திரவதைக்கு உள்ளானோருக்கென ரொறொன்ரோவில் தனி நிலையமும் உண்டு. 1977இல் சில வைத்தியர்கள் தொடங்கிய முயற்சியில் வளர்ந்தது அது. அருகிலுள்ள சேவைகளை அறிய 211ஐ அழையுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 988ஐ எந்நேரமும் அழைக்கலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள்.

அடுத்த கனடா தினத்தன்று, வெடி எத்தனை மணிக்கு என்பதை வீட்டுப் பெரியவரிடம் முன்னரே சொல்லிவையுங்கள். திரைச்சீலையை மூடி, ஒரு தேநீர் போட்டு, பக்கத்தில் இருங்கள். வைத்தியம் அங்கேயும் தொடங்கலாம்.