வானில் ஒரு மணி. ரயிலில் ஒன்றரை நாள்!

கொல்கத்தா: கொல்கத்தா டம்டம் விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திரிபுரா தலைநகர் அகர்தலாவில் தரையிறங்கிவிடுகிறது. இரு நகரங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 320 கி.மீ. மட்டுமே. சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியில் ஏறக்குறைய இதே தூரம்தான்.

ஆனால், சியால்டாவில் ரயிலேறும் பயணி கடக்க வேண்டிய தொலைவு 1,500 கி.மீ.க்கும் அதிகம். பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை நாள்.

இதற்குக் காரணம் 1947-ல் வரையப்பட்ட எல்லைக்கோடு. விமானம் வங்கதேச வான்வெளியைக் கடந்து நேராகச் செல்கிறது. ரயிலோ வடக்கே சிலிகுரி வரை ஏறி, "கோழிக்கழுத்து" எனப்படும் குறுகலான நிலப்பகுதியைக் கடந்து, குவாஹாட்டி, லும்டிங், பதர்பூர் வழியாக மீண்டும் தெற்கே இறங்க வேண்டியிருக்கிறது.

அடைபட்ட வழி

திரிபுராவின் மூன்று பக்கங்களையும் வங்கதேசம் சூழ்ந்துள்ளது. இரண்டுக்கும் இடையிலான எல்லையின் நீளம் 856 கி.மீ. அன்றைய கிழக்கு பாகிஸ்தான் வழியான ரயில் போக்குவரத்து 1965 போருடன் நின்றுபோனது. அகர்தலாவுக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது 2008-ல். அகலப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2016-ல். மகாராஜா வீர் விக்ரம் கிஷோர் மாணிக்யா காலத்தில், 1942-ல் அமைக்கப்பட்ட விமான நிலையமே அதுவரை அம்மாநிலத்தின் முக்கிய வாசலாக இருந்தது.

கிடைத்த ரயில் பாதையும் நிலையானதல்ல. 2022 மே மாதம் அசாம் மலைப்பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் நியூ ஹாஃப்லாங் ரயில் நிலையம் மண்ணில் புதைந்தது. திரிபுராவுக்கான ரயில் தொடர்பு வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டது.

கட்டணமே கேள்வி

உயர் சிகிச்சைக்கும் மேற்படிப்புக்கும் கொல்கத்தாவை நாடும் திரிபுரா மக்களுக்கு விமானப் பயணம் ஆடம்பரம் அல்ல, அவசியம். வடகிழக்கு மாநிலங்களுக்கு நிறுவனங்கள் குறைந்தபட்ச சேவை அளித்தாக வேண்டும் என்ற விதிமுறையை மத்திய அரசு 1994-ல் வகுத்தது. அது இருக்கைகளுக்கு வழி செய்ததே தவிர, கட்டணத்துக்கு வரம்பு விதிக்கவில்லை. தேவை கூடும்போது கட்டணம் உயர்வது சந்தையின் வழக்கம். பிற ஊர்களில் பயணி ரயிலுக்கோ பேருந்துக்கோ மாறிக்கொள்ளலாம். அகர்தலா பயணிக்கு அந்த மாற்று, ஒன்றரை நாள் பயணம்.

கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரம் என்ற நிலையில் வாழும் அந்தமான் தமிழர்களுக்கும் இது பழகிய நெருக்கடியே. அங்கே குறுக்கே கடல், இங்கே அரசியல்.

டாக்காவின் கையில் திறவுகோல்

கொல்கத்தா-டாக்கா-அகர்தலா பேருந்து 2015-ல் தொடங்கப்பட்டது. 12 கி.மீ. நீள அகர்தலா-அகௌரா ரயில் இணைப்பை 2023 நவம்பர் 1-ல் பிரதமர் மோடியும் அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் தொடங்கிவைத்தனர். கொல்கத்தா பயணத் தொலைவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

ஆனால், 2024 ஜூலையில் இரு நாடுகளிடையே பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஆகஸ்டில் ஹசீனா அரசு வீழ்ந்தது. அகௌரா பாதையில் அதுவரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியிருக்கவில்லை.

தண்டவாளம் போடுவது தில்லியால் முடிந்தது. அதன் மீது ரயில் ஓடுவதற்கு டாக்காவின் இசைவு தேவை. அந்த இசைவு கிடைக்கும்வரை, நோயாளியையும் மாணவரையும் கருதியாவது இத்தடத்தில் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு காண்பது தில்லியின் கையிலேயே இருக்கிறது.