எச்.பி.வி. தடுப்பூசி: கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்வோம்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து எச்.பி.வி. தடுப்பூசிக்கான சம்மதப் படிவத்தைக் கொண்டு வருகிறார்கள். 'பாலுறவால் தொற்றும் வைரஸ்' என்ற வரியைக் கண்டதும் நம்மில் பலர், "நம் பெண்ணுக்கு இது எதற்கு?" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம்.

எச்.பி.வி. அபூர்வமான கிருமி அல்ல. திருமண உறவின் மூலமும் தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். நீங்காமல் தங்கும் சில வகைகள்தான் பல ஆண்டுகள் கழித்துக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். ஊசி, தொற்றாமல் தடுக்குமே தவிர, வந்த தொற்றைப் போக்காது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். ஆண்களுக்கும் இக்கிருமியால் தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்கள் வரலாம். ஆகவே பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள்.

நாகலாபுரம், சத்தியவேடு பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்களுக்கு ஒரு பழைய செய்தி நினைவிருக்கலாம். 2009-இல் அன்றைய ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. பின்னர் சில சிறுமிகள் இறந்ததாகச் செய்தி பரவ, 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தப் பரபரப்பில், இந்தியாவின் பல இடங்களில் நடந்துவந்த வேறோர் எச்.பி.வி. ஊசி ஆய்வும் நின்றது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை அவற்றில் ஒன்று. பல சிறுமிகளுக்கு ஒரே ஓர் ஊசியோடு முடிந்துபோயிற்று. அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஒரே ஊசியும் நல்ல பாதுகாப்புத் தருவது தெரிந்தது. 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையே போதுமானதாக இருக்கலாம் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்கு இத்தகைய ஆய்வுகளே துணை.

கம்மத்துப் பெற்றோரில் பலருக்குக் கேட்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை, நமக்கு இருக்கிறது. படிவத்தைப் படியுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாமை முதலியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி எதற்கென்று பிள்ளையிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். நம்மிடம் கேட்க முடியாததை அவர்கள் வேறெங்கோ கேட்பார்கள். தாய்மார்களே, உங்களுக்குரிய கருப்பைவாய்ப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கும் உரிய வயதில் அது தேவை.