மாத்திரைக்கு அடங்காத பிரஷரும் குறட்டையும்

மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவரிடம் உப்பைக் குறைத்தீர்களா, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். அவர் பக்கத்தில் படுப்பவரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: குறட்டை நடுவில் சட்டென்று நின்று, பிறகு திணறலோடு மறுபடி கிளம்புகிறதா? நிற்கும் அந்த நேரத்திலும் நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துவிடுவதால் காற்றுதான் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், மூளை பதறி உடலை உலுக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் எகிறும். உறக்கத்தில் இப்படி மூச்சடைப்பதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர்; அது தீவிரமாக இருந்தால் இந்த அடைப்பு மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நடக்கிறது. உறக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டிய பிரஷர் பலருக்கு இறங்குவதே இல்லை. பகலில் கிளினிக்கில் கையில் பட்டை கட்டி அளக்கும்போது இந்த இரவுக் கதை தெரிவதில்லை.

குண்டானவர்களுக்குக் குறட்டையும் வரும், பிரஷரும் வரும், இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்ற சந்தேகம் நியாயமானது. டொரன்டோ ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல பதில். நான்கு நாய்களுக்கு உறங்கும்போது மட்டும் மூச்சுக்குழாயை அவ்வப்போது அடைத்தார்கள். சில வாரங்களில் பகல் பிரஷரும் ஏறியது, அடைப்பை நிறுத்தியதும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. சத்தம் எழுப்பி உறக்கத்தை மட்டும் கெடுத்தபோது பகல் பிரஷர் ஏறவில்லை. ஆக, கெடுப்பது வெறும் தூக்கக் கேடு அல்ல, மூச்சடைப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மக்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வும் (2000), உடல் எடையைக் கணக்கில் கழித்த பிறகும், மூச்சுத்தடை கூடக்கூட பிரஷர் வரும் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது.

அப்படியானால் அடைப்பை நீக்கினால் பிரஷர் இறங்க வேண்டுமே? இறங்குகிறது, ஆனால் கொஞ்சம்தான். முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் முறையை சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகம் செய்தார். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் அது தரும் சராசரி இறக்கம் 2 முதல் 3 மி.மீ. மட்டுமே. வல்சார்டன் என்ற பிரஷர் மாத்திரையோடு 2010இல் ஒப்பிட்டபோது மாத்திரை 9 மி.மீ. குறைத்தது, சிபேப் 2 மி.மீ. இதை வைத்துக் கருவியை ஒதுக்குவது தவறு என்பேன். மாத்திரைக்கு மாற்றாக அல்ல, மாத்திரை தோற்ற இடத்தில்தான் அதன் தேவை இருக்கிறது. ஸ்பெயினில் சராசரியாக நான்கு மருந்து சாப்பிட்டும் பிரஷர் அடங்காத 194 பேரிடம் நடந்த ஆய்வில் (2013), சிபேப் கருவி வைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட 12 வாரத்தில் 24 மணி நேரச் சராசரி 3 மி.மீ. கூடுதலாக இறங்கியது, அவர்களில் 36 சதவீதம் பேருக்கு இரவில் பிரஷர் முறையாக இறங்கியது, மற்றவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான். அத்தனை மருந்துக்கும் பிறகு கிடைக்கும் 3 மி.மீ. அற்பம் அல்ல.

கனமான ஆட்சேபம் வேறு. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரிடம் நடந்த சேவ் ஆய்வில் (2016) சிபேப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கருவியை மாட்டியது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம். மீதி உறக்கத்தில் தொண்டை அடைத்தபடிதான் இருந்திருக்கும். ஒழுங்காக மாட்டுபவர்கள் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார்கள் என்பதால், அதிக நேரம் மாட்டியவர்களிடம் பலன் தெரிந்தாலும் அது முழுவதையும் கருவியின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் பாதி இரவு செய்த சிகிச்சையை வைத்து முழுச் சிகிச்சைக்குத் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லை. முகமூடி மூக்கை அழுத்துகிறது, வாய் காய்கிறது என்று முதல் வாரங்களிலேயே பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அளவு சரியாகப் பொருந்தும் முகமூடியும் காற்றை ஈரப்படுத்தும் வசதியும் அப்போதே கிடைக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கருவியே பதிந்து வைக்கிறது. பிரஷர் குறிப்பேட்டோடு அந்தப் பதிவையும் டாக்டர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.