நூலின் வலுவைப் படம் வரைந்து ஒப்பிடுதல்

சங்கத்துக்கு வரும் நூலின் சோதனைச் சீட்டில் சராசரி வலு சரியாகவே இருக்கிறது. அதே நூலைப் பாவு ஓட்டிய நெசவாளரோ இழை ஓயாமல் அறுபடுகிறது என்று முறையிடுகிறார். செயலாளர் சீட்டைக் காட்டுகிறார்; நெசவாளர் அறுந்த இழைகளைக் காட்டுகிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்வதற்கு முன், இருவரும் மெய் சொல்லக்கூடும் என்பதை நாம் அறிதல் வேண்டும். சராசரி என்பது ஓர் எண். நூலின் வலுவோ ஓர் எண்ணில் அடங்குவதன்று. அது ஒரு பரவல். இரு பரவல்களுக்குச் சராசரி ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் இருத்தல் கூடும். அவ்வடிவ வேற்றுமையைக் கோடிட்ட வரைபடத்தாளில் யாவரும் காணும் வகையொன்றை இங்கே விளக்க முற்படுகிறேன்.

இரண்டு கட்டு நூல்களிலிருந்து பத்துப் பத்து ஒற்றை இழைகளை எடுத்து, அவை அறுபடும் எடையைக் கிராமில் குறித்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்த ஆலையின் நூலுக்கும் உரியவை அல்ல. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால், முதற் கட்டு: 190, 198, 204, 209, 213, 217, 221, 226, 232, 240. இரண்டாம் கட்டு: 150, 178, 196, 210, 220, 227, 233, 239, 245, 252. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் 2150, ஆகவே சராசரி இரண்டுக்கும் 215.

பள்ளியில் நாம் கற்றது செவ்வகப் படம். 50 கிராமுக்கு ஒரு பிரிவாக அதை வரைந்தால், 200-க்குக் கீழே முதற் கட்டில் இரண்டு, இரண்டாவதில் மூன்று இழைகள் விழும். பெரிய வேற்றுமை இல்லை என்று தோன்றும். 20 கிராமுக்கு ஒரு பிரிவாக வரைந்தாலோ முதற் கட்டு நடுவில் குவிந்தும், இரண்டாம் கட்டு இடப்புறம் வால் நீண்டும் நிற்கும். எண்கள் மாறவில்லை, வரைந்தவர் தேர்ந்த இடைவெளிதான் மாறியது. வழக்காடும் இரு தரப்பாரும் தத்தமக்கு ஏற்ற இடைவெளியைத் தேர்ந்துகொள்ள இடந்தரும் படத்தை, பூசல் தீர்க்க நான் சிபாரிசு செய்வதில்லை.

இக்குறை நீங்கிய முறை ஒன்று உண்டு. சென்னையில் 1932-இல் பிறந்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த புள்ளியியல் அறிஞர் ராமநாதன் ஞானதேசிகன், கனடா நாட்டவரான மார்ட்டின் வில்க் என்பாருடன் சேர்ந்து, 1968-இல் ‘பயோமெட்ரிகா’ என்னும் ஏட்டில் எழுதிய கட்டுரையில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். கியூ-கியூ படம் என்று இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. பெயர் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடுக்கிய இரு வரிசைகளில் முதலாவதோடு முதலாவதையும், இரண்டாவதோடு இரண்டாவதையும் இணைசேர்ப்பதே இதன் உயிர்.

கிடைக்கோட்டில் முதற் கட்டையும் நிலைக்கோட்டில் இரண்டாம் கட்டையும் ஒரே அளவுத்திட்டத்தில் குறியுங்கள். அளவுத்திட்டம் மாறினால் படம் பொய் சொல்லும். பிறகு 190-க்கு நேரே 150, 198-க்கு நேரே 178, 204-க்கு நேரே 196 என்று பத்துப் புள்ளிகளை இடுங்கள். இறுதியாக, இருபுறமும் எண் சமமாக இருக்கும் இடங்களை இணைத்து மூலைவாட்டில் ஒரு கோடு இழுங்கள். நூல் இரண்டும் ஒத்த தன்மையுடையனவாயின் புள்ளிகள் அக்கோட்டை ஒட்டியே நிற்கும். கோட்டுக்கு இணையாக மேலேறியோ கீழிறங்கியோ நின்றால் வடிவம் ஒன்று, நிலை மட்டும் வேறு. கோட்டினும் செங்குத்தாகச் சாய்ந்தால் நிலைக்கோட்டு நூலில் ஏற்றத்தாழ்வு மிகுதி. ஓரம் மட்டும் வளைந்தால் வேற்றுமை அவ்வோரத்தில் இருக்கிறது.

நம் படத்தில் நான்காம் புள்ளி முதல் பத்தாம் புள்ளி வரை ஏழும் கோட்டுக்கு மேலே உள்ளன. அதாவது, பத்தில் ஏழு இடங்களில் இரண்டாம் கட்டே வலியது! மேம்போக்காகப் பார்ப்பவர் அதையே வாங்கச் சொல்வார். ஆனால் இடது ஓரத்தில் மூன்று புள்ளிகள் கோட்டை விட்டுக் கீழே சரிகின்றன. முதற்புள்ளி 40 கிராம் தாழ்ந்து கிடக்கிறது. நெசவாளரின் முறையீடு முழுவதும் அவ்வோரத்தில் அடங்கியிருக்கிறது.

அவ்வோரம் ஏன் அத்தனை முக்கியம்? ஒரு பாவில் 3000 இழை, நீளம் 40 மீட்டர் என்று கொள்வோம். மொத்த இழை நீளம் 1,20,000 மீட்டர். சோதனையில் இழுக்கும் துண்டு அரை மீட்டர் எனில், பாவில் அத்தகைய துண்டுகள் 2,40,000. நாம் சோதித்ததோ பத்து. நீண்ட இழை அறுவது அதன் சராசரி இடத்திலன்று, மிக நலிந்த இடத்திலேயாம். சங்கிலியின் வலு அதன் மெலிந்த கண்ணியின் வலுவே என்னும் இவ்வுண்மையைப் பருத்தி நூலுக்குக் கணித வாயிலாகப் பொருத்திக் காட்டியவர், மான்செஸ்டரைச் சேர்ந்த ஷெர்லி ஆய்வு நிலையத்தின் பியர்ஸ், ஆண்டு 1926. நூறு வருஷமாக அறியப்பட்ட செய்தி, சராசரியை மட்டும் அச்சிடும் சீட்டுகளை இன்னும் எட்டவில்லை.

120 கஜக் கழியை ஒருசேர இழுத்துச் சோதிக்கும் பழைய முறையில் இக்குறை மேலும் மறைந்துவிடும். ஒன்றரைக் கஜச் சுற்றளவில் 80 சுற்றுச் சுற்றிய கழியில் 160 இழைகள் சேர்ந்து பாரம் தாங்குவதால், நலிந்த ஒன்றைப் பக்கத்து இழைகள் காத்துக்கொள்கின்றன. தறியில் அப்படிக் காப்பார் இல்லை. அறுந்த இழையை இணைக்கச் செல்லும் நேரத்துக்குக் கூலியும் இல்லை. நெய்த துணிக்கே கூலி.

ஒப்பிட இரண்டாம் கட்டு கையில் இல்லையாயின், கணிதம் கூறும் இயல்நிலைப் பரவலோடு ஒப்பிடலாம். பத்து அளவுகளுக்குக் கிடைக்கோட்டில் இட வேண்டிய எண்கள் இவை: நடுவுக்கு இடப்புறம் 1.64, 1.04, 0.67, 0.39, 0.13, வலப்புறமும் இவையே தலைகீழ் வரிசையில். முதற் கட்டை இவற்றுக்கு நேரே இட்டால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் விழும். இரண்டாம் கட்டு இடது ஓரத்தில் கீழ்நோக்கி வளையும். இவ்வேலைக்கென்றே தனிக் கோடிட்ட தாளை ஆலன் ஹேசன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1914-இல், நீர்த்தேக்கங்களின் கொள்ளளவைக் கணிக்கும் பணியில் அறிமுகப்படுத்தினார்.

நீர்த்தேக்கம் என்றவுடன் பயிர் செய்வோர் நினைவு வருகிறது. மாவட்டத்தின் மேற்கே அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறி ஓட்டுவோருக்கு மட்டும் உரியதன்று இம்முறை. கிழக்கே புதுவாயல், கவரைப்பேட்டைப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கும் உரியது. இரு கிராமங்களின் ஏக்கர் விளைச்சலை அடுக்கி இணைசேர்த்துப் பாருங்கள். சராசரி சமமாயிருந்தும் ஒன்றில் இடது ஓரம் சரிந்திருந்தால், பயிர்க் கடன் தவணை தவறுவோர் அங்கேதான் அதிகம் இருப்பர் என்று எதிர்பார்க்கலாம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கிய காலத்தில், ஏழாண்டுகளுள் பேரிடர் ஆண்டுகளாக அறிவிக்கப்பட்டவற்றில் இரண்டு வரை நீக்கி, எஞ்சிய ஆண்டுகளின் சராசரியிலிருந்து வரம்பு விளைச்சலைக் கணக்கிட்டது. அவ்வரம்பு ஒரு பகுதி முழுமைக்கும் உரியது. பகுதிக்குள் மேட்டு நிலத்தான் எங்கே நிற்கிறான் என்பதை அது காட்டாது. மழைக்கணக்கிலோ அஞ்ச வேண்டியது பெரும்பாலும் வலது ஓரம்.

எச்சரிக்கையாக ஒன்று. பத்துப் புள்ளிகளில் ஓரத்துப் புள்ளி ஒன்று விலகினால் அதைக் கொண்டு ஆலையைக் குற்றம் சாட்டலாகாது. ஓரப் புள்ளிகள் தற்செயலாகவே மிகவும் அலைபவை. குறைந்தது முப்பது இழைகளையாவது, ஒரே கழியிலிருந்து எடாமல் வெவ்வேறு கழிகளிலிருந்து எடுத்துச் சோதித்து, ஓரத்தில் பல புள்ளிகள் ஒரே திசையில் சரிகின்றனவா என்று பாருங்கள். சரிந்தால் படத்தையும் அளவுகளையும் முறையீட்டுடன் இணைத்து அனுப்புங்கள். “நூல் மோசம்” என்று எழுதிய கடிதங்கள் கோப்பில் உறங்குவதைப் பல சங்கங்களில் கண்டிருக்கிறேன். எண்ணுக்கு எண்ணால்தான் மறுமொழி கிடைக்கும்.

இரு கட்டுகளிலும் எடுத்த இழைகளின் தொகை சமமாக இராவிட்டால் என் செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றில் 30, மற்றதில் 60 எனில், அறுபதை அடுக்கி இரண்டிரண்டாகச் சேர்த்து அவ்விரண்டின் சராசரியை எடுத்தால் முப்பது கிடைக்கும். அப்படிச் செய்கையில் மிக நலிந்த இழை தன் அடுத்ததோடு கலந்து சற்று வலியதாகத் தோன்றிவிடும். ஆதலால் அதன் அளவைப் படத்தின் ஓரத்தில் தனியே எழுதி வைக்கவும்.