வெளிநாட்டில் மாப்பிள்ளை: மனைவியை அழைத்துப்போக எவ்வளவு சம்பளம் வேண்டும்?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில், 'மாப்பிள்ளை லண்டன்', 'மாப்பிள்ளை நியூஜெர்சி' என்று சொல்பவர்கள் கணிசமாக உண்டு. ஜாதகம், நகை, மண்டபம் எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் பல வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்கிறார்கள்: "பொண்ணுக்கு விசா எப்போ வரும்?"

அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் மாப்பிள்ளையின் பே ஸ்லிப்பில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் தன் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள, சில நாடுகள் குறைந்தபட்ச வருமான வரம்பு வைத்திருக்கின்றன. வரம்பு ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அதைக் கணக்கிடும் முறையும் வேறு. தெரியாமல் தேதி குறித்துவிட்டால், தாலி கட்டிய பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், ஆளுக்கொரு நாட்டில் இருக்க வேண்டிவரும்.

(மணமகள் அங்கே வேலை பார்த்து மணமகனை அழைத்தாலும் பெரும்பாலும் இதே விதிகள்தான். அழைப்பவரை இந்தக் கட்டுரையில் ஸ்பான்சர் என்று சொல்வோம்.)

யாருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள்?

முதலில் ஒரு தெளிவு. பெண் வீட்டாரின் வசதியை விசா அதிகாரி பார்ப்பதில்லை. பிள்ளையார்பாளையத்தில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி நெசவு செய்யும் அப்பாவின் மகளாக இருந்தாலும் சரி, பட்டு ஜவுளிக்கடை முதலாளியின் மகளாக இருந்தாலும் சரி, அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: ஸ்பான்சர் அந்த நாட்டில் எவ்வளவு சம்பாதிக்கிறார், அதற்கு ஆதாரம் என்ன?

அப்பாவின் கூலி குறைவு என்பதற்காக மகளின் விசா நிராகரிக்கப்படாது. அதேபோல, மாமனாருக்கு நாலு வீடு இருக்கிறது என்பதாலும் விசா கிடைத்துவிடாது.

பிரிட்டன்: 29,000 பவுண்டு

இப்போது கெடுபிடி அதிகமுள்ள நாடுகளில் ஒன்று பிரிட்டன். 2012 ஜூலையில் வந்த விதிப்படி, ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டு ஆனது. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 33 லட்சம் ரூபாய். இதைப் படிப்படியாக 38,700 பவுண்டு வரை உயர்த்தும் திட்டமும் இருந்தது. ஆட்சி மாறியதும் அது நிறுத்திவைக்கப்பட்டு, வரம்பை மறுஆய்வு செய்யும் வேலை குடியேற்ற ஆலோசனைக் குழுவிடம் கொடுக்கப்பட்டது. அந்தக் குழுவின் அறிக்கை 2025 ஜூனில் வந்தது.

இந்த வரம்பு பிரிட்டிஷ் குடிமக்களுக்கும், அங்கே நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் பொருந்தும். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேறு விதி. அதைக் கீழே பார்ப்போம்.

பலர் சறுக்கும் இடம் ஆதாரத்தில்தான். ஒரே நிறுவனத்தில் ஆறு மாதமாக வேலை பார்த்தால், ஆறு மாத பே ஸ்லிப், அந்தச் சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கி ஸ்டேட்மென்ட், நிறுவனத்தின் கடிதம் ஆகியவை வேண்டும். பே ஸ்லிப்பில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இரண்டு சோதனை. இப்போதைய சம்பளமும் வரம்பைத் தாண்ட வேண்டும். கடந்த 12 மாதங்களில் உண்மையாகவே வாங்கிய சம்பளமும் வரம்பைத் தொட வேண்டும். 'சம்பளம் ஏறுதே' என்று கல்யாண நேரத்தில் கம்பெனி மாறுகிறவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயம். மணமகள் ஒரகடத்திலோ சென்னையிலோ லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கினாலும், முதல் விசாவுக்கு அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. அவருடைய சேமிப்பு மட்டும் சேரும்.

சேமிப்பு எப்படி உதவும்?

பிரிட்டனில் முதல் 16,000 பவுண்டு சேமிப்பைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அதற்கு மேல், வருமானத்தில் எவ்வளவு குறைகிறதோ அதன் இரண்டரை மடங்கு காட்ட வேண்டும். சம்பளம் 25,000 பவுண்டு என்றால் குறைவது 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000. ஆக மொத்தம் 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். வருமானமே இல்லை என்றால் 88,500 பவுண்டு, அதாவது நம் கணக்கில் ஒரு கோடிக்கு மேல். சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாது.

இந்தப் பணம் தம்பதியில் ஒருவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ, அவர்களே எடுக்கக்கூடிய நிலையில், ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் அது கடனாக இருக்கக்கூடாது; எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். பீரோவில் உள்ள நகை, ஊரில் உள்ள மனை, வீட்டில் உள்ள தறி எதுவும் சேமிப்பு ஆகாது. விற்றுப் பணமாக்கினால்தான் கணக்கு. விற்ற நிலம் ஏற்கெனவே தம்பதியில் ஒருவர் பெயரில் இருந்தது என்று ஆவணம் காட்டினால், ஆறு மாத விதியில் தளர்வு உண்டு.

யாருக்கு இந்த வரம்பு இல்லை?

மாற்றுத்திறனாளிகளுக்கான சில உதவித்தொகைகளையோ, பராமரிப்பாளர் உதவித்தொகையையோ பெறும் ஸ்பான்சருக்கு 29,000 கட்டாயமில்லை. குடும்பம் நடத்தப் போதுமான வருமானம் இருப்பதைக் காட்டினால் போதும். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பே துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்து அதே வழியில் நீட்டிப்பவர்களுக்குப் பழைய வரம்பே தொடரும்.

இந்த வரம்பை எதிர்த்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வரம்பு வைப்பது சட்டப்படி செல்லும் என்றது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும், வேறு வழியில் வரும் நம்பகமான பண ஆதாரத்தையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

வேலை விசா, மாணவர் விசா

திறன் பணியாளர் விசாவில் இருப்பவர் துணையை அழைக்க 29,000 விதி இல்லை. துணைக்கு 285 பவுண்டு கையிருப்பை 28 நாள் காட்டினால் போதும். நிறுவனமே பொறுப்பேற்றால் அதுவும் வேண்டாம். ஆனால் வேறு கதவுகள் மூடப்பட்டுவிட்டன. முதுநிலைப் படிப்புக்குப் போகும் மாணவர்களில் பெரும்பாலானோர் 2024 ஜனவரி முதல் குடும்பத்தை அழைக்க முடியாது. பராமரிப்புப் பணியாளர்களாக 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போனவர்களும் அழைக்க முடியாது. 'மாப்பிள்ளை லண்டனில் இருக்கார்' என்றால், எந்த விசாவில் இருக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அமெரிக்கா: வறுமைக்கோட்டின் 125 சதவீதம்

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ துணையை அழைக்க, 'ஐ-864' என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அரசு வெளியிடும் வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 2025-ம் ஆண்டுக் கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு இது 26,437 டாலர். மூன்று பேருக்கு 33,312 டாலர். தொகை ஆண்டுதோறும் மாறும்.

இங்கே தலைக்கணக்கு முக்கியம். ஏற்கெனவே அம்மாவுக்கு இதே பத்திரம் கொடுத்து அழைத்து வந்திருந்து, அந்தப் பொறுப்பு முடியாமல் இருந்தால், அவரையும் சேர்த்து மூன்று பேர்.

வருமானம் குறைந்தால் வழி இருக்கிறது. வேறொரு குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். சொத்தையும் காட்டலாம்: குடிமகன் என்றால் குறைகிற தொகையின் மூன்று மடங்கு, கிரீன் கார்டு என்றால் ஐந்து மடங்கு. ஒரு வருடத்துக்குள் பணமாக்கக்கூடிய சொத்தாக இருக்க வேண்டும். மணமகளின் சொத்தும் இதில் சேரும். எச்-1பி விசாவில் இருப்பவர் மனைவியை எச்-4 விசாவில் அழைக்க இந்தப் பத்திரம் தேவையில்லை.

இந்தக் கையெழுத்தின் பலம் பலருக்குத் தெரியாது. விவாகரத்து ஆனாலும் ஸ்பான்சரின் பொறுப்பு தீராது. மனைவி அமெரிக்கக் குடிமகள் ஆகும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை அது தொடரும். கைவிடப்பட்ட மனைவி இதைக் காட்டி நீதிமன்றத்தில் பராமரிப்பு கேட்கலாம். பத்திரத்தின் நகல் ஒன்றைப் பெண் தன்னிடமே வைத்திருப்பது நல்லது.

மற்ற நாடுகள், சுருக்கமாக

கனடா: கணவன், மனைவியை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. பெற்றோரை அழைக்கத்தான் உண்டு. ஆனால் துணையின் செலவுக்கு மூன்று ஆண்டுப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். பிரிந்தாலும் அது ரத்தாகாது. மாற்றுத்திறன் தவிர வேறு காரணத்துக்காக அரசு உதவித்தொகை வாங்குபவர் ஸ்பான்சர் ஆக முடியாது.

சிங்கப்பூர்: எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவருக்கு நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை இப்படி அழைக்க முடியாது.

ஐக்கிய அரபு அமீரகம்: மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும்.

இந்தியா: வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்து காஞ்சிபுரத்திலேயே குடித்தனம் நடத்த நினைத்தால், இப்படி ஒரு சம்பள வரம்பே கிடையாது. நுழைவு விசாவில் வரலாம். பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருந்தால், ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

'விசாவுக்குப் பணம் அனுப்புங்க' என்றால்?

வருமானம் போதவில்லை, சேமிப்புக் காட்ட வேண்டும், அதனால் மாப்பிள்ளை கணக்கில் இத்தனை லட்சம் போடுங்கள் என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். பிரிட்டனுக்குக் காட்ட வேண்டிய சேமிப்பு பெண்ணின் பெயரிலேயே, இந்தியாவில் முறையான வங்கி ஒன்றிலேயே இருக்கலாம். அமெரிக்காவுக்குக் கூட்டு ஸ்பான்சர் வழி இருக்கிறது. பணம் மாப்பிள்ளை கைக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. விசாவைச் சாக்காக வைத்துப் பணம் கேட்பதும் 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம்.

பத்திரிகை அடிக்கும் முன் கேட்க வேண்டியவை

* ஸ்பான்சர் குடிமகனா, நிரந்தரவாசியா, வேலை விசாவா, மாணவரா?
* இப்போதைய வேலையில் எத்தனை மாதம்? சம்பளம் முழுவதும் வங்கி வழியாக வருகிறதா?
* ஏற்கெனவே யாருக்காவது ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா?
* வருமானம் குறைந்தால் சேமிப்பா, கூட்டு ஸ்பான்சரா? சேமிப்பு என்றால் ஆறு மாதக் கணக்கு எப்போது தொடங்கும்?
* திருமணப் பதிவு எப்போது? தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள். கோயிலில் நடந்தாலும் மண்டபத்தில் நடந்தாலும் பதிவுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

இதைக் கேட்பதில் சங்கடம் ஒன்றும் இல்லை. அந்த நாட்டு விசா அதிகாரி எப்படியும் கேட்கப்போகிற கேள்விகள்தான். அவருக்கு முன்னால் நாம் கேட்டுவிட்டால், கல்யாணத் தேதியையும் விண்ணப்பத் தேதியையும் சேர்த்தே குறிக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையை அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.