இரவு அலைவரிசை – 9: ஐம்பதாயிரம் வாட் திண்ணை

அமெரிக்காவின் நள்ளிரவு லாரி வானொலி பற்றிப் பேச்செடுத்தால், டிரைவர் தூங்கிவிடாமல் இருக்கத்தானே அது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிகூட உண்மை இல்லை. வண்டி ஓட்டுபவரின் தூக்கக் கலக்கத்தை வானொலியும் குளிர்காற்றும் எவ்வளவு விரட்டும் என்று பிரிட்டனில் ரெய்னர், ஹார்ன் என்ற இருவர் மாதிரி வாகனத்தில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். 1998-ல் வெளியான முடிவு: பலன் சொற்பம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். காபியும் குட்டித் தூக்கமும் செய்கிற வேலையை வானொலி செய்யவில்லை. பிறகு எதற்காக விடிய விடியக் கேட்டார்கள்? ஒரே கூரையின்கீழ் வேலை செய்யாத ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு அது பட்டறை வாசலாக இருந்தது என்கிறேன்.

சென்ற வாரம் பார்த்த இயற்பியல் இங்கே கைகொடுக்கிறது. பகலில் மத்திய அலையை (ஏ.எம்.) விழுங்கிவிடும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, பொழுது சாய்ந்ததும் கலைந்துபோகிறது. மேலடுக்கில் பட்ட அலை பல நூறு மைல் தள்ளி வந்து இறங்குகிறது. சின்ன நிலையங்கள் பலவும் அந்திக்குமேல் சக்தியைக் குறைக்கவோ மூடவோ வேண்டும். பெரியவை சட்டம் அனுமதிக்கும் உச்சமான 50,000 வாட்டில் ஒலிபரப்பலாம். ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூ.பி.ஏ.பி.யில் 1969 முதல் பில் மேக், சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ.வில் 1984 முதல் இருபது ஆண்டு ‘டிரக்கிங் போஸோ’ எனப்பட்ட டேல் சோமர்ஸ் என்று இந்த இரவுக் குரல்கள் அப்படித்தான் கண்டத்தின் பெரும்பகுதிக்குக் கேட்டன. நியூ ஆர்லியன்ஸில் 1970-களின் தொடக்கத்தில் சார்லி டக்ளஸ் நடத்திய நிகழ்ச்சிக்குப் பெயரே ‘ரோடு கேங்’. சாலை வேலைக்காரர்களின் கோஷ்டி என்று பொருள். இந்த நிகழ்ச்சிகளின் வானிலை அறிக்கை ஒன்றே போதும், யாருக்காகப் பேசினார்கள் என்று காட்ட. மற்ற வானொலிகள் ஊர்வாரியாகச் சொல்லும். இவர்கள் சாலைவாரியாகச் சொன்னார்கள். ஓர் இரவில் இரண்டு மூன்று மாநிலம் தாண்டுகிறவருக்கு டென்வரில் தூறலா என்பது வேண்டாத சங்கதி. வயோமிங்கில் 80-ம் எண் நெடுஞ்சாலையில், லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, காலி டிரெய்லரைக் கவிழ்க்கிற காற்று வீசுகிறதா, பாதையை மூடிவிட்டார்களா என்பதில்தான் அன்றைய கூலியே இருக்கிறது.

கூலி என்றது சும்மா இல்லை. நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் மைல் கணக்கு. கிடங்கு வாசலில் லோடு இறக்கக் காத்துக்கிடக்கும் நேரத்துக்குப் பல இடங்களில் காசு கிடையாது. வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்ற 1938-ம் வருடச் சட்டம் மாநிலம் தாண்டி ஓட்டுகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டது. 1980-ல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது புதுக் கம்பெனிகள் முளைத்தன, வாடகை சரிந்தது, லாரித் தொழிலாளர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் பிடியும் விட்டுப்போனது. டிரைவர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவில் புலம்பலாம்தான், அது சில மைல்களோடு சரி. சாலையோரத் தொலைபேசியிலிருந்து நள்ளிரவு நிகழ்ச்சிக்குப் பேசினால், அதே குறை உள்ள இன்னொருவர் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பதில் சொல்வார்.

புலம்பலைச் சங்கம் என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்ல முடியாது. வானொலி யாருக்கும் கூலி உயர்வு வாங்கித் தரவில்லை. இன்னொன்றும் உண்டு: விளம்பரம் தந்தவர்களில் டயர், எண்ணெய் விற்பவர்களோடு, டிரைவர்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளும் இருந்தன. திண்ணைக்கு ஒரு வீட்டுக்காரர் உண்டு. அவரைத் திட்டும்போது குரலைத் தணிக்கத்தான் வேண்டும். ஆனால் சங்கம் இல்லாத இடத்தில், தன் குறை தன் தலையெழுத்து அல்ல, தொழிலின் குணம் என்று ஒருவருக்குத் தெரியவருவது சின்ன விஷயமல்ல. தெரிந்தபிறகு அவர் என்ன செய்தார் என்பது வேறு கணக்கு.

செயற்கைக்கோள் வானொலி வந்ததும் இதெல்லாம் மேம்பட்டது என்பது இன்னொரு வாதம். எக்ஸ்.எம். 2001-லும் சிரியஸ் அடுத்த வருடமும் சேவையைத் தொடங்கின, 2008-ல் இணைந்தன. பில் மேக்கும் சோமர்ஸும் அங்கே போனார்கள். கரகரப்பு இல்லை, அலை மங்குவதில்லை. டிரைவர்களுக்கென்றே தனிச் சேனல். தனி என்பதில்தான் எனக்குச் சங்கடம். ஏ.எம். அலையை வீட்டில் விழித்திருக்கும் மனைவியும் இரவுக் காவலாளியும் ஒரு பைசா தராமல் ஒட்டுக்கேட்கலாம். லாரிக்காரர் பாடு லாரி ஓட்டாதவர் காதிலும் விழுந்தது. சந்தா கட்டிய சேனலில் லாரிக்காரர் குறையை லாரிக்காரரே கேட்கிறார். கைபேசிச் செயலி பனியையும் காற்றையும் இன்னும் துல்லியமாகவே சொல்லிவிடுகிறது, அதில் வழக்கில்லை.

பில் மேக்கின் அந்த நள்ளிரவு நேரம் டபிள்யூ.பி.ஏ.பி.யில் காலியாகிவிடவில்லை. அதன் வாரிசான ‘ரெட் ஐ ரேடியோ’ அங்கிருந்து பல நிலையங்களுக்குப் போகிறது. டிரைவர்கள் இன்னும் கேட்கிறார்கள். பேச்சில் பெரும்பகுதி வாஷிங்டன் அரசியல்.

(தொடரும்)