ஈரக் கரண்டி

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை, மகன் நியூசிலாந்தில். "விமானத்துக்கு ஊற்றுவது நம் ரேஷன் கடைக் கிருஷ்ணாயில்தான் என்கிறான் என் பையன். ஸ்டவ்வுக்கு ஊற்றின எண்ணெய்க்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அந்த நாட்டிலே இருந்த ஒரே சுத்திகரிப்பு ஆலையையும் மூடிவிட்டார்களாமே, அதனால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்கிறார்.

பையன் சொன்னது பெரும்பாலும் சரி. கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்தைப் பத்தாம் வகுப்பில் எல்லோரும் படம் போட்டிருப்போம். அதற்குள் மறுபடி போகவில்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடுவில் இறங்குகிற மண்ணெண்ணெய்தான் விமான எரிபொருளின் உடம்பு. ஆனால் ஸ்டவ்வுக்குப் போவது அப்படியே போய்விடும். விமானத்துக்குப் போவது பரீட்சை எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். 38 டிகிரிக்குக் கீழே அதன் ஆவி தீப்பற்றக் கூடாது. மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. துளி செம்பு கலந்தாலும் சூட்டில் பிசின் கட்டும். முன்பு பயோடீசல் கலந்த சரக்கு ஏற்றிய கப்பலில் வந்தால், அந்த மிச்சம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விமான எரிபொருளின் பெரிய எதிரி தீ அல்ல, தண்ணீர்.

என் அம்மா ஆவக்காய் ஜாடியை யாரையும் தொட விடமாட்டாள். "ஈரக் கரண்டி போடாதே" என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. ஒருநாள் அவசரத்தில் நான் போட்டுவிட்டேன். நாலாம் நாள் வெள்ளையாகப் பூசணம். விமான டாங்கிலும் நடப்பது இதுதான் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. மண்ணெண்ணெய் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். குளிரக் குளிர அதைக் கக்கிவிடும். கக்கிய தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கிற அந்த மெல்லிய கோட்டில் ஒரு பூஞ்சை குடியேறும். அதற்குக் குடிக்கத் தண்ணீர், தின்ன மண்ணெண்ணெய். 'கெரசின் பூஞ்சை' என்றே அதற்குப் பெயர். வழுவழுவென்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். அது விடுகிற அமிலம் அலுமினிய டாங்கை அரிக்கும். சாப்பாட்டுக்கு எண்ணெய்க் கிணற்றையே பிடித்துக்கொண்ட பிராணி!

பூஞ்சை வளர நாளாகும். பனிக்கட்டிக்கு ஒரே பயணம் போதும். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த போயிங் 777, இறங்கும் நேரத்தில் இரண்டு இன்ஜினிலும் வேகம் கேட்டும் கிடைக்காமல், ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்லில் விழுந்தது. உள்ளே இருந்த 152 பேரும் பிழைத்தார்கள். குழாயில் சேர்ந்திருந்த பனித்துகள் கடைசி நிமிஷத்தில் கிளம்பி, எண்ணெய் போகும் வழியை அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அந்த எரிபொருள் தரப் பரீட்சையில் தேறிய எரிபொருள். அதிலிருந்த தண்ணீரும் வழக்கமான அளவுதான்.

தண்ணீர்மேல் உள்ள இந்தப் பயத்தால்தான் விமான நிலையத்தில் எண்ணெய் போடுகிறவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். ஓர் ஊசிக்குழாயால் சின்ன மஞ்சள் வில்லை வழியே உறிஞ்சுகிறார். பத்து லட்சத்தில் முப்பது பங்கு தண்ணீர் இருந்தாலே வில்லை பச்சை காட்டிவிடும். டாங்க் மாறினால், கப்பல் மாறினால், குழாய் மாறினால் மறுபடி பரீட்சை. கைமாறும் இடமெல்லாம் ஒரு கரண்டி விழுகிறது. அது ஈரமா என்று பார்த்தாகவேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. நியூசிலாந்தின் ஒரே சுத்திகரிப்பு ஆலை, நாட்டின் வடக்கே மார்ஸ்டன் பாயின்ட்டில் 1964இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஆக்லாந்துக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் குழாய். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் மூன்றும் ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்துப் போகும். 2022 ஏப்ரலில் ஆலை காய்ச்சுவதை நிறுத்தியது. டாங்குகளும் குழாயும் மிஞ்சின. வெளிநாட்டில் காய்ச்சியதைக் கப்பலிலிருந்து இறக்கும் கிடங்காக அது மாறிவிட்டது.

காரணம் கணக்குதான். மார்ஸ்டன் பாயின்ட் நாளுக்குச் சுமார் 1.35 லட்சம் பீப்பாய் காய்ச்சியது. நம் ஜாம்நகர் ஆலை 12 லட்சத்துக்கு மேல். பெரிய அடுப்பில் சமைப்பது மலிவு. கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது சின்ன அடுப்பு தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இப்போது இரண்டே ஆலைகள். ஸ்காட்லாந்தின் ஒரே ஆலையான கிரேஞ்ச்மவுத்தும் 2025இல் நின்றுவிட்டது.

சொந்த ஆலை இருந்தால் சொந்தக் காலில் நிற்கலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மார்ஸ்டன் பாயின்ட் காய்ச்சிய கச்சாவும் பெரும்பாலும் கப்பலில் வந்ததே. கச்சா வராவிட்டால் ஆலையும் வெறும் இரும்புதான். இலங்கையில் சப்புகஸ்கந்த ஆலை 1969 முதல் இருக்கிறது. 2022இல் டாலர் தீர்ந்து எரிபொருள் வற்றியபோது, கொழும்பிலிருந்து கிளம்பிய தொலைதூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனதைப் பார்த்தோம். நியூசிலாந்திலேயே ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2017 செப்டம்பரில் குழாய் உடைந்தது. சதுப்பில் புதைந்துகிடக்கும் பழங்காலக் கவுரி மரத்தைத் தேடித் தோண்டிய இயந்திரம் எப்போதோ போட்ட கீறல்தான் காரணம். சில நாள் விமானங்களுக்கு வழக்கமான அளவில் 30 சதவீதமே கிடைத்தது.

அப்படியானால் எதை இழந்தார்கள்? 2022 டிசம்பரைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கும் நேரம். கப்பலில் வந்திறங்கிய விமான எரிபொருள் சரக்கு ஒன்று பரீட்சையில் தேறவில்லை. அடுத்த சரக்கு வந்து சேரும்வரை ஆக்லாந்தில் விமானங்களுக்கு 75 சதவீதம் என்று அளந்து கொடுத்தார்கள். ஆலை இருந்தால் தேறாத எண்ணெயை மறுபடி உள்ளே விட்டுத் திருத்தலாம், வேறொன்றோடு கலந்து சரிசெய்யலாம். கிடங்கு ஒன்றுதான் செய்ய முடியும்: வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கப்பலை எதிர்பார்த்து நிற்பது.

மகன் ஏறும் விமானத்துக்கு ஆபத்தா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் தெரிகிறது. ஆபத்து இல்லை, அம்மா. தேறாத எண்ணெயை நிறுத்தியதே பரீட்சை ஒழுங்காக நடக்கிறது என்பதற்குச் சாட்சி. கெட்டுப்போனது கெட்டதைச் சரிசெய்யும் வசதி. இழப்பை அந்த அரசும் உணர்ந்திருக்கிறது. 2025 முதல் இறக்குமதி செய்பவர்கள் 24 நாளுக்கான விமான எரிபொருளைக் கையிருப்பில் வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது ஜாடியைப் பெரிதாக்குவது. கணக்குப் பேரேட்டில் ஆலைக்கு விலை உண்டு; தவறை வீட்டிலேயே திருத்திக்கொள்ளும் திறமைக்குத் தனி வரி கிடையாது. அதனால்தான் விற்கும்போது அது இலவசமாகவே போய்விடுகிறது.

அன்று பூசணம் பிடித்த ஜாடியை அம்மா தூக்கி எறியவில்லை. மேலாகப் பிடித்ததை வழித்துப் போட்டாள், மிச்சத்தை மொட்டைமாடி வெயிலில் பரப்பினாள், உப்புச் சேர்த்தாள், நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினாள். எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில் என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. போன மாதம் கடையில் வாங்கின ஊறுகாய் பாட்டிலில் அதே வெள்ளை. மூடியை இறுக மூடிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, இன்னொன்று வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். வெளியே நல்ல வெயில்.